இல்லத்து மரணமும் நீதியின் தராசும்
‘அனாட்டமி ஆஃப் எ ஃபால்’ திரைப்படத்தை முன்வைத்து

ஒரு வீட்டின் நான்கு சுவர்களுக்குள் கணவன் மனைவி இருவரில் ஒருவர் ஐயத்திற்குரிய முறையில் இறந்துபோகும்போது, நீதிமன்றம் பெரும் இடர்ப்பாட்டுக்கு உள்ளாகிறது. நடந்ததை அறிந்திருக்கக்கூடிய ஒரே மனிதர் குற்றக்கூண்டில் நிற்கிறார். கண்கண்ட சாட்சி இல்லை. சூழ்நிலைச் சான்றுகளையே நாட வேண்டியிருக்கிறது. அவையும் போதாமற் போகுமிடத்தில், அம்மணவாழ்வின் கசப்புகள் சான்றுகளின் இருக்கையில் வந்து அமர்ந்துவிடுகின்றன. ஃபிரெஞ்சு இயக்குநர் ஜுஸ்தின் திரியே 2023இல் உருவாக்கிய ‘அனாட்டமி ஆஃப் எ ஃபால்’ இந்த இடமாற்றத்தையே ஆராய்கிறது. அவ்வாண்டின் கான் விழாவில் தங்கப்பனை விருதையும், 2024இல் அசல் திரைக்கதைக்கான ஆஸ்கார் விருதையும் பெற்ற படம் இது.

கதை கற்பனையானது, களம் ஆல்ப்ஸ் மலையிலுள்ள ஒரு தனித்த வீடு. சாமுவேல் என்பவன் வீட்டுக்கு வெளியே பனியில் தலைக்காயத்துடன் இறந்து கிடக்கிறான். பார்வைக் குறைபாடுடைய மகன் டேனியல் நாயுடன் உலவித் திரும்பும்போது உடலைக் காண்கிறான். அப்போது வீட்டில் இருந்தவள் மனைவி சாண்ட்ரா மட்டுமே. அவள் புகழ்பெற்ற எழுத்தாளர், ஜெர்மானியப் பெண். தனக்கு முழுமையாகக் கைவராத ஃபிரெஞ்சு மொழியில் தன் வாழ்வை விளக்கும் நிலை அவளுக்கு நேர்கிறது.

வழக்கின் பௌதிகச் சான்றுகள் மிகச் சிலவே. தலைக்காயம் விழுவதற்கு முன் ஏற்பட்டதா, விழும்போது ஏற்பட்டதா என்பதைப் பிணக்கூறாய்வு உறுதிசெய்யவில்லை. கீழேயுள்ள கொட்டகையில் படிந்த குருதித் துளிகளை அரசுத் தரப்பு நிபுணர் தாக்குதலின் அடையாளம் என்கிறார். எதிர்த்தரப்பு நிபுணரோ கொட்டகையின் மீது தலை மோதியதன் விளைவு என்கிறார். இரண்டும் அறிவியலின் பெயராலேயே கூறப்படுகின்றன. மேல்மாடியிலிருந்து தானாக விழுந்தானா, தள்ளப்பட்டானா என்ற வினா தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது.

வழக்கு திசைமாறுவது இங்கேதான். இறப்பதற்கு முந்தைய நாள் சாமுவேல் இரகசியமாகப் பதிவுசெய்திருந்த சச்சரவு மன்றத்தில் ஒலிக்கிறது. சாண்ட்ராவின் மணத்துக்குப் புறம்பான உறவுகள் அலசப்படுகின்றன. அவளது நாவலின் பகுதியைக்கூட அரசு வழக்கறிஞர் வாசித்துக் காட்டுகிறார். கையிலிருந்த காயத்தைக் குறித்து அவள் முதலில் கூறியது பொய்யென்று வெளிப்படுகிறது. கேட்போர் உள்ளத்தில் ஐயம் வலுக்கிறது. ஆயினும் இவற்றுள் ஒன்றேனும் அவள் அவனைத் தள்ளினாள் என்பதற்குச் சான்றாகுமா? கடுஞ்சொல் பேசியவள், துரோகம் இழைத்தவள், பொய்யுரைத்தவள் என்பவை அவளைக் குறித்த செய்திகள். அந்த நாளின் அந்தக் கணத்தைக் குறித்து அவை மௌனமாகவே இருக்கின்றன.

இயக்குநரின் நுட்பம் அந்த ஒலிப்பதிவுக் காட்சியில் வெளிப்படுகிறது. சச்சரவு நம் கண்முன் நிகழ்வதாகவே காட்டப்படுகிறது. கைகலப்பு தொடங்கும் நொடியில் காட்சி நீதிமன்றத்துக்கு மாறிவிடுகிறது. ஓசைகள் மட்டும் எஞ்சுகின்றன. யார் யாரை அடித்தார் என்பதை நாமும் ஊகிக்கவே வேண்டியிருக்கிறது. நாம் பார்த்ததாக நம்பியவற்றில் எவ்வளவு நாமே இட்டு நிரப்பியது என்ற ஐயம் அப்போது எழுகிறது.

ஃபிரெஞ்சு குற்றவியல் மன்றத்தில் தீர்ப்பளிப்போரிடம் சட்டம் வேண்டுவது அவர்களின் உள்ளார்ந்த உறுதிப்பாட்டை. சான்றுகளுக்கு முன்கூட்டியே எடை வகுக்கப்படுவதில்லை. தீர்ப்பின் முதன்மைக் காரணங்களை எழுத்தில் தர வேண்டும் என்ற கடப்பாடும் 2011ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது. இந்திய உச்ச நீதிமன்றம் சென்ற வழி வேறு. புனேயில் 1982இல் ஓர் இளம் மனைவி சயனைடு நஞ்சால் இறந்த வழக்கில், கணவனுக்குக் கீழ்மன்றமும் உயர் நீதிமன்றமும் மரண தண்டனை விதித்தன. 1984இல் நீதியரசர் முர்தஸா ஃபசல் அலி எழுதிய முதன்மைத் தீர்ப்பு ஐந்து நெறிகளை வகுத்தது. ஒவ்வொரு சூழ்நிலையும் ஐயமற நிறுவப்பட வேண்டும்; அவை குற்றத்தோடு மட்டுமே பொருந்த வேண்டும்; முடிவானவையாக இருக்க வேண்டும்; வேறெந்த விளக்கத்திற்கும் இடமளிக்கலாகாது; சங்கிலி அறுபடாதிருக்க வேண்டும். தற்கொலைக்கான வாய்ப்பை விலக்க முடியாததால் கணவன் விடுதலையானான். குற்றம் சாட்டப்பட்டவரின் பொய், அறுந்த சங்கிலியை இணைக்காது என்பதும் அத்தீர்ப்பின் முடிவு. சாண்ட்ராவின் பொய்யை நிறுக்க இதைவிடப் பொருத்தமான அளவுகோல் இல்லை.

சூழ்நிலைச் சான்றை எடையிடும் கலை நம் மரபுக்கும் புதிதன்று. யூசுஃப் நபி (அலை) அவர்கள் மீது அஜீஸின் மனைவி பழி சுமத்தியபோது, அவளது குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரே சட்டையைப் பார்க்கச் சொன்னதை அல்குர்ஆன் எடுத்துரைக்கிறது. முன்புறம் கிழிந்திருந்தால் அவள் சொல்வது உண்மை. பின்புறம் கிழிந்திருந்தால் அவர் சொல்வது உண்மை. ஹிஜ்ரி 751இல் மறைந்த இமாம் இப்னுல் கைய்யிம் ‘அத்துருக் அல்ஹுக்மிய்யா’ நூலில் கரீனா எனப்படும் சூழ்நிலை அடையாளங்களை ஆராயும்போது இந்நிகழ்வை எடுத்தாள்கிறார். இதில் இரு செய்திகள் கருதத்தக்கவை. கிழிசல் எதைக் குறிக்கும் என்பது சட்டையைப் பார்க்கும் முன்பே வரையறுக்கப்பட்டது. மேலும், அச்சோதனை செயலை அளந்தது. எஜமானியின் தகுதியும் அடிமையின் தாழ்நிலையும் தராசில் ஏறவில்லை.

இந்த அளவுகோலில் படத்தின் இறுதிப் பகுதி தடுமாறுகிறது. தந்தை முன்பு தற்கொலைக்கு முயன்றதாகத் தாய் கூறியதைச் சோதிக்க, டேனியல் நாய்க்கு ஆஸ்பிரின் கொடுத்துப் பார்க்கிறான். இது செயலை நோக்கிய சோதனை. ஆனால் தீர்ப்பை நெருங்கும்போது படம் சாய்வது, காரில் தந்தை மரணத்தைக் குறிப்பால் பேசியதாக அவன் தரும் சாட்சியத்தின் மீது. திரையில் தந்தையின் உதடுகள் அசைய, மகனின் குரலே ஒலிக்கிறது. இந்நினைவு எவ்வளவு உண்மை, எவ்வளவு தேர்வு என்ற வினாவை இயக்குநர் நேர்மையோடு திறந்துவைக்கிறார். எனினும் அரசுத் தரப்புக் கதையின் பலவீனத்தை இவ்வளவு நேரம் காட்டிய படம், மற்றொரு கதையைக் கொண்டே விடுதலைக்கு வழிதேடுகிறது. சான்று போதவில்லை என்பதே விடுதலைக்குப் போதுமான காரணமாயிருந்தது.

இன்னொரு வினாவும் எஞ்சுகிறது. கூண்டில் நிற்பவர் கணவனாக இருந்திருந்தால் நாம் இதே பரிவோடு பார்த்திருப்போமா? புகுந்த வீட்டில் பெண்கள் இறப்பதை அறிந்த நம் நாட்டில் இது வெற்று வினாவன்று. வீட்டின் மறைவு கொலையாளிக்குக் கேடயமாகிவிடக் கூடாது. தன் அறிவுக்குச் சிறப்பாக உரிய உண்மையை உரியவரே விளக்க வேண்டும் என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 106ஆம் பிரிவு கூறியது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தில் அது 109ஆம் பிரிவு. வீட்டுக்குள் நிகழும் கொலைகளில் உடனிருந்தோர் ஏற்கத்தக்க விளக்கம் தரக் கடமைப்பட்டவர்கள் என உச்ச நீதிமன்றம் 2006இல் தெளிவுபடுத்தியது. ஆயினும் அடிப்படை உண்மைகளை நிறுவும் பொறுப்பு அரசுத் தரப்பை விட்டு நீங்குவதில்லை.

சாண்ட்ராவுக்காக நாம் வேண்டும் அதே ஐயத்தின் பலன், 1984இல் ஒரு கணவனுக்குக் கிடைத்தது. ஒன்றை வரவேற்று மற்றொன்றை வெறுப்போமாயின், நாம் எடையிட்டது சான்றுகளை அல்ல, மனிதர்களையே. இதை உணரச் செய்வதால், முடிவின் தடுமாற்றத்தையும் மீறி இப்படம் மதிப்புப் பெறுகிறது. விடுதலையான பின்னரும் சாண்ட்ராவிடம் வெற்றியின் மகிழ்ச்சி இல்லை. என்ன நடந்தது என்று படம் இறுதிவரை சொல்வதுமில்லை. அல்லாஹ் மட்டுமே அறிந்த ஒன்றின் முன் மனித நீதி தன் எல்லையை உணர்ந்து நிற்பது பலவீனமன்று; நீதிக்குரிய அடக்கம் அது.