மெய்யில் தோன்றும் பாட்டு

இசைத்தட்டில் கேட்ட பாட்டும் அரங்கில் கேட்ட பாட்டும் ஒன்றுதானா? சொல் ஒன்று, மெட்டு ஒன்று, பாடுபவரும் ஒருவரே. ஆயினும், அரங்கில் கேட்டுத் திரும்புவோர் அதே பாட்டை முன்னினும் ஆழமாக நேசிக்கக் காண்கிறோம். இதன் காரணத்தை ஆராய்வது இலக்கியம் கற்பிப்போர்க்குப் பெரிதும் பயன்தரும்.

மலாக்கா மண்ணில் வாழ்வோர்க்கு இவ்வினா புதிதன்று. மலாய்க்காரர், பாபா நியோன்யா, போர்த்துகீசிய மரபினர், மலாக்காச் செட்டிகள் ஆகிய நால்வகையாரும் போற்றும் டொண்டாங் சாயாங் இங்கு வாழும் கலையாகும். வயலின் இசைக்க, பாடகர் இருவர் மாறி மாறிப் பந்துன் பாடுவர். அப்பந்துனை ஏட்டில் படித்தால் அது நான்கடிச் செய்யுள்; அரங்கில் கேட்டால் இரு நெஞ்சங்களின் வழக்காடல். 2018ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மன்றம் மரபுச் செல்வமாக ஏற்றதும் ஏட்டை அன்று. பாடும் கலையையே ஆகும்.

இவ்வுண்மையை விளக்கும் சான்று ஒன்று ஜப்பானிலும் உண்டு. கியூ சகமோட்டோ பாடிப் புகழ்பெற்ற அப்பாட்டின் பெயர், 'மேல்நோக்கி நடப்போம்' எனப் பொருள்படும். இயற்றியவர் ரொக்குசுகே எய். இசையமைத்தவர் ஹச்சிதாய் நகமுரா. அமெரிக்க-ஜப்பானியப் பாதுகாப்பு உடன்படிக்கையை எதிர்த்து 1960இல் எழுந்த கிளர்ச்சி பயனற்றுப் போன ஏமாற்றமே பாட்டின் கரு என்பர். ஆனால், பாட்டில் அரசியல் ஒரு சொல்லும் இல்லை. தனியன் ஒருவன் இரவில் நடக்கின்றான். கண்ணீர் சிந்திவிடாதிருக்க வானை நோக்குகின்றான். அவ்வளவே.

அவன் நினைவில் இளவேனில் வருகின்றது, கோடை வருகின்றது, இலையுதிர் காலமும் வருகின்றது. குளிர்காலம் மட்டும் வரவில்லை. சொல்லாது விட்ட அப்பருவத்தில்தான் அவன் இப்போது நடக்கின்றான் போலும்! முதற்பொருள் கொண்டு உரிப்பொருள் உணரப் பழகிய தமிழ் மாணவர்க்கு இக்குறிப்பு எளிதில் விளங்கும்.

பாட்டின் வரலாறு ஈண்டு நோக்கத்தக்கது. 1961 ஜூலையில் நகமுராவின் இசையரங்கில் அது முதன்முதல் பாடப்பெற்றது. ஆகஸ்டில் ஜப்பானியத் தேசிய ஒளிபரப்பு நிலையத்தின் தொலைக்காட்சியில் தோன்றியது. அக்டோபரில்தான் இசைத்தட்டாக வெளிவந்தது. அரங்கமே முந்தியது, தட்டு பிந்தியது. சகமோட்டோ நெடிலை நெடிலாக நிறுத்தாமல், சிறு சிறு அசைகளாக உடைத்துப் பாடினார். தம் சொற்கள் சிதைவதாக எண்ணிய எய் முதலில் அதனை விரும்பவில்லை என்பர். ஓசை குறையாத இடத்தும் இனிமைக்காக நீளும் இன்னிசை அளபெடையைக் கற்றவர் அவ்வாறு வெறுக்கமாட்டார். விம்மலை அடக்குபவன் குரல் நேராக வருமோ? உடைந்த அவ்வோசையே பாட்டின் உயிர்.

ஆயினும், ஓசை பாதியையே சொல்லும். மறுபாதியைச் சொல்வது முகம். சகமோட்டோ புன்முறுவலுக்குப் பெயர்பெற்ற இளைஞர். கண்ணீரைப் பற்றிப் பாடும் வாயில் நகை அரும்புவதைக் கண்ணால் காண்போர்க்கு ஒரு திடுக்கிடல் உண்டாகும். அழுகையும் பெருமிதமும் ஓர் உடம்பில் ஒருங்கே நிற்பது அப்போதுதான் புலப்படும். பாட்டின் ஈற்றில் சொல் ஒழிந்து சீழ்க்கை மட்டும் எழுகின்றது. தட்டில் கேட்போர்க்கு அது அழகிய அணி. நேரில் காண்போர்க்கோ, பேசினால் அழுதுவிடுவோம் என்று வாய் குவித்தவனின் தற்காப்பு. உள்ளத்து நிகழ்வது உடம்பின்வழிப் புலப்படுவதே மெய்ப்பாடு என்பர் உரையாசிரியர். எனவே, மெய்யின்றி மெய்ப்பாடு இல்லை. அரங்கில் கண்டபின் பாட்டின்மேல் அன்பு ஆழ்வதன் காரணம் இதுவே.

இதற்கு மறுப்பொன்று கூறலாம். 1963 ஜூனில் இப்பாட்டு அமெரிக்க இசைத்தட்டு வரிசையில் மூன்று வாரம் முதலிடம் பெற்றது. மொழியறியாத இலட்சக்கணக்கானோர் தட்டில் கேட்டே மயங்கினர். உண்மை. ஆனால், அங்கு அதற்கு வழங்கிய பெயர் 'சுகியாகி'. அஃதோர் இறைச்சி உணவின் பெயர்! தமிழ் ஒப்பாரிக்குச் 'சாம்பார்' எனப் பெயர் சூட்டினால் எவ்வாறிருக்கும்? ஓசையை விரும்புதல் வேறு. பாட்டை உணர்தல் வேறு.

மலாக்காத் தமிழர்க்கு இங்கு மற்றொரு முள்ளும் உண்டு. 1942 ஜனவரியில் மலாக்கா ஜப்பானியர் வசமாயிற்று. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்ப் பாட்டாளிகள் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர், மீளாதோர் பலர். பள்ளிகளில் ஜப்பானிய மொழியும் பாட்டும் கட்டளையின்பேரில் புகுந்தன. அலோர் காஜா, ஜாசின் வட்டாரங்களின் லயங்களில் அக்கொடுமையைச் சொல்லக் கேட்டு வளர்ந்தோர் ஜப்பானியப் பாட்டொன்றைப் போற்றுதல் தகுமா?

தகும் என்பதற்கு அப்பாட்டே விடை. ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது 1941 டிசம்பர் 8ஆம் நாள்; சகமோட்டோ பிறந்தது டிசம்பர் 10ஆம் நாள். அப்போரைத் தொடுத்த தலைமுறையின் மகன் அவர். கட்டளைக்குப் பாடிய பாட்டில் குரல் மட்டுமே இருந்தது, மெய் ஒத்துழைக்கவில்லை. இப்பாட்டிலோ அதே மொழி அதட்டவில்லை, அழாதிருக்க முயல்கின்றது. பாட்டனார் பட்ட வடுவை எப்பாட்டும் ஆற்றிவிடாது; ஆற்றவும் வேண்டுவதில்லை. வடுவை மறவாமலே பிறர் கண்ணீரை அறியலாம் என்பதே கலை கற்பிக்கும் பாடம்.

1985 ஆகஸ்டு 12ஆம் நாள் நிகழ்ந்த விமான விபத்தில் மாண்ட 520 பேருள் சகமோட்டோவும் ஒருவர். அப்போது அவர்க்கு அகவை 43. எனினும் பாட்டு மாளவில்லை. 2011இல் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஜப்பானைத் தாக்கியபின், கலைஞர் பலர் அதனைப் பகிர்ந்து பாடி மக்களைத் தேற்றினர். ஒருவர் மெய்யில் தோன்றிய பாட்டு பலர் மெய்யில் குடிபுகுந்தது.

தமிழாசிரியர்க்கு இதில் ஒரு கடமை புலப்படுகின்றது. மெய்ப்பாடு எட்டு என்று எண்ணிச் சொல்ல மாணவர் கற்றுவிடுகின்றனர். ஒன்றையேனும் வகுப்பறையில் கண்டவர் எத்துணையர்? புறநானூற்றுக் கையறுநிலைப் பாட்டைப் பொருள் கூறி முடிப்பதற்கு முன், ஆசிரியர் ஒருமுறை நின்று, குரல் நடுங்க வேண்டிய இடத்தில் நடுங்கப் படித்துக் காட்டட்டும். தேர்வுக்காக மனப்பாடம் செய்த செய்யுள் தேர்வோடு நீங்கும். ஆசிரியர் முகத்தில் கண்ட செய்யுளோ வாழ்நாள் முழுதும் நெஞ்சில் நிற்கும்.