ஈரப்பதம் காட்டும் எண்ணை எடைபோடுதல்

வீட்டின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளந்து கைப்பேசிக்கு அனுப்பும் கருவியைக் கல்லூரி மாணவர் ஒருவர் இன்று ஒரே மாலையில் கட்டிவிடலாம். இஎஸ்பி8266 சில்லு 2014-இல் வந்த பிறகு, அந்தச் சில்லைத் தாங்கிய நோட்எம்சியூ பலகை, நீல நிற டிஎச்டி11 சென்சார், மூன்று கம்பி என்பதே பாடத்திட்டம் போல நிலைத்துவிட்டது. இந்த வடிவத்தைத் தோல் தொழில் ஊர்களான ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வீடுகளில் வைத்து எடைபோடுவதே முறை. ஈரப்பதம் இங்கே பிழைப்போடு பிணைந்தது.

ஷூவின் மேல்தோல் பகுதிகளான அப்பர்களைக் கையால் தைக்கும் வேலை இங்கே வீடுகளுக்கே வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அறையின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி அங்கேயே நின்றால் தோலில் பூசணம் பிடிக்கும். மறுபக்கம், காற்று மிகவும் வறண்டால் குரோம் தோலில் உள்ள தீங்கற்ற குரோமியம் நச்சுள்ள ஆறிணைதிற வடிவத்துக்கு மாறும் வாய்ப்பு கூடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் அதற்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்று வரம்பு கட்டியிருக்கிறது. ஆக, அளவுகோலின் இரு முனைகளிலும் ஆபத்து உண்டு. டிஎச்டி11 வலுவிழப்பதும் அந்த முனைகளில்தான். அதன் எல்லையே 20 முதல் 90 சதவீதம். பிழை 5 சதவீதம் வரை, வெப்பத்தில் 2 டிகிரி வரை.

வடிவத்தின் சிறப்பைக் குறைத்துச் சொல்லக்கூடாது. விலை மலிவு, நிரல் திறந்தது, பழுதானால் பாகத்தை மாற்றலாம். மின்சாரம் போய் வந்தாலும் தானே வலையில் இணைந்துகொள்கிறது. செய்தி அனுப்பும் கலையில் இது முதிர்ந்த படைப்பு. அளக்கும் கலையில் அந்த முதிர்ச்சி இல்லை. உழைப்பெல்லாம் திரைக்கும் வரைபடத்துக்கும் போய்விடுகிறது. முழு எண்ணை மட்டுமே நம்பகமாகத் தரும் சென்சாரின் அளவை இரண்டு தசமத்தோடு காட்டுவது துல்லியத்தின் பாவனை மட்டுமே.

மிகப் பெரிய குறை அமைப்பிலேயே இருக்கிறது. பலரும் சென்சாரைப் பலகையின் மேலேயே செருகி, இரண்டையும் ஒரே பெட்டியில் அடைக்கிறார்கள். வைஃபை ஓயாமல் இயங்கும் சில்லு சூடாகும். அறையில் 30 டிகிரி, 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்குள் 2 டிகிரி கூடினால், அதே நீராவிக்குச் சென்சார் காட்டுவது சுமார் 62. பூசணத்தின் வாசலில் நிற்கும் அறைக்கு நற்சான்று கிடைத்துவிடுகிறது. இத்தனைக்கும் சென்சார் பொய் சொல்லவில்லை. தன்னைச் சுற்றியிருக்கும் காற்றை அது சரியாகவே அளக்கிறது. தவறு வடிவமைத்தவருடையது.

திருத்தம் கடினமன்று. டிஎச்டி22 அல்லது எஸ்எச்டி31 சென்சாரைக் கம்பியில் ஒரு சாண் தள்ளி, காற்றோட்டமுள்ள இடத்தில் தொங்கவிடலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்துவிட்டுச் சில்லை உறங்கவைத்தால் சூடும் குறையும், பேட்டரியும் நீடிக்கும். கட்டாயமானது உப்புச் சோதனை. மூடியொன்றில் சமையல் உப்பைச் சொதசொதவென நனைத்து, சென்சாரோடு காற்றுப் புகாத டப்பாவில் அரைநாள் வைத்தால் உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். காட்டும் எண் விலகினால் அந்த விலகலை நிரலில் கழிக்கலாம். தோலைச் சோதிக்கும் முன் அதை 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் வைத்துப் பழக்குவது இந்தத் தொழிலின் ஆய்வுக்கூட மரபு. அந்த ஒழுங்கு நடக்கும் ஊரில், உப்புச் சோதனை காணாத வீட்டுக் கருவியைத் தேறியதாக ஏற்க முடியாது. சோதித்துத் திருத்திய டிஎச்டி22 வடிவத்தைத் தயங்காமல் ஏற்கலாம்.

அப்போதும் ஒரு குறை எஞ்சும். கருவி அளப்பது காற்றை. அடுக்கிவைத்த அப்பர்களின் நடுவே தேங்கும் ஈரத்தை அது அறியாது. எனவே சென்சாரின் இடம் மின்விசிறிக்குக் கீழ் அல்ல. ஓதம் ஏறும் சுவரோரம், அந்த அடுக்கின் பக்கத்தில்.