கூவும் வீடுகள்: கருங்காட்டுக் குக்கூ கடிகாரங்களின் மரபும் தரமும்

எங்கள் கடலோர ஊரான தவளக்குப்பத்தில் சித்திரை மாதத்துக் காலையில் வேப்பமரத்தில் உட்கார்ந்து குயில் கூவினால் குரல் மேலே ஏறிக்கொண்டே போகும். என் வீட்டுக் கூடத்தில் கூவும் ஜெர்மன் பறவையின் குரல் இறங்கும்: முதல் ஒலி மேலே, இரண்டாவது கீழே. வருகிறவர்கள் எல்லோரும் அதைக் 'குயில் கடிகாரம்' என்கிறார்கள். நான் திருத்துவதில்லை. ஆனால் சேகரிக்க நினைப்பவர் முதலில் பழக்கவேண்டியது காதைத்தான். குக்கூ நம் குயில் அல்ல, அதன் உறவுக்காரப் பறவை. அடுத்த பறவையின் கூட்டில் முட்டையிடும் வழக்கம் இரண்டுக்கும் உண்டு, பாட்டு வேறு. இறங்கும் அந்த இரண்டு சுரங்களும் சரியாக விழவில்லை என்றால் மரவேலை எத்தனை அழகாயிருந்தாலும் கடிகாரத்துக்கு உயிர் இல்லை.

இந்தக் கடிகாரங்கள் பிறந்த ஊர்ப்பக்கம் நமக்கு அவ்வளவு அந்நியமும் இல்லை. நம் பழைய வீடுகளில் சாவி கொடுத்து ஓட்டிய பெண்டுலக் கடிகாரங்கள் பல ஜெர்மனியிலிருந்து வந்தவை. அவற்றில் நட்சத்திரச் சின்னம் போட்ட யுங்ஹான்ஸ் கம்பெனி 1861இல் ஷ்ராம்பெர்க் ஊரில் தொடங்கியது. ஷ்ராம்பெர்க் இருப்பது கருங்காட்டில். ஜெர்மானியர் ஷ்வார்ட்ஸ்வால்ட் என்று அழைக்கும் அந்த மலைக்காட்டில், பனி மூடிய மாதங்களில் விவசாயிகள் மரத்தைச் செதுக்கிக் கடிகாரம் செய்தார்கள். முதுகில் சட்டம் கட்டி, அதில் கடிகாரங்களை மாட்டிக்கொண்டு ஊர் ஊராய் விற்கப் போனவர்களும் அவர்களுக்குள்ளேயே இருந்தார்கள். தாத்தா காலத்து யுங்ஹான்ஸ் கடிகாரமும் என் குக்கூவும் ஒரே மலையின் பிள்ளைகள்.

குக்கூ கடிகாரத்தை 1730களில் ஷோன்வால்ட் ஊரின் ஃபிரான்ஸ் கெட்டரர் கண்டுபிடித்தார் என்று விற்பனைத் துண்டறிக்கைகள் இன்றும் எழுதுகின்றன. அது நிற்காது. சாக்சனி ஆட்சியாளர் குடும்பத்துக்குச் சொந்தமான, குக்கூ கூவும் கடிகாரம் ஒன்றை 1629இலேயே ஃபிலிப் ஹைன்ஹோஃபர் என்பவர் குறித்து வைத்திருக்கிறார். 1650இல் வந்த, அறிஞர் அதனாசியுஸ் கிர்ஷரின் இசை நூலில் இயந்திரக் குக்கூ விளக்கப்பட்டிருக்கிறது. கருங்காட்டுக்காரர்கள் குக்கூவைக் கண்டுபிடிக்கவில்லை. அரண்மனையில் இருந்ததை ஏழை வீட்டுச் சுவருக்குக் கொண்டுவந்தார்கள். என் கணக்கில் இதுதான் பெரிய சாதனை.

பாணிகளுக்கு வருவோம். மூத்தது சித்திரப் பலகைப் பாணி: முன்பக்கம் மலர் வரைந்த மரப்பலகை, உச்சியில் பறவைக்கு ஒரு சின்னக் கதவு. அதை மாற்றியது ஒரு பள்ளிக்கூடம். பாடன் அரசு 1850இல் ஃபுர்ட்வாங்கன் ஊரில் கடிகாரப் பள்ளியை நிறுவியது. அதன் முதல் தலைவர் ராபர்ட் கெர்விக் ஒரு பொறியாளர். கடிகாரத்துக்குப் புது முகம் வேண்டும் என்று அந்த ஆண்டே கலைஞர்களிடம் வரைபடம் கேட்டார். ஃபிரீட்ரிஷ் ஐசன்லோர் என்ற கட்டடக் கலைஞர் ரயில் பாதையோரக் காவலாளி வீட்டையே கடிகாரமாக வரைந்து அனுப்பினார். கூரை முக்கோணம், சுற்றிலும் கொடி, நடுவில் டயல். 'பான்ஹொய்ஸ்லே' என்னும் ரயில் வீட்டுப் பாணி இதுதான். இன்று உலகம் குக்கூ கடிகாரம் என்றதும் நினைக்கும் உருவம் ஒரு ரயில்வே கட்டடத்திலிருந்து வந்தது!

அதிலிருந்து கிளைத்தது செதுக்குப் பாணி. ஐசன்பாக் ஊரின் யோஹான் பாப்டிஸ்ட் பேஹா இதன் பெரிய பெயர். 1862 முதல் அவர் எலும்பில் செதுக்கிய முட்களையும் தேவதாரு மரத்தின் காய் வடிவ எடைகளையும் தம் கடிகாரங்களில் சேர்த்தார். அந்தக் காய்தான் இன்றுவரை சங்கிலி நுனியில் தொங்குகிறது. லிண்டன் மரத்தில் இலை, பறவை, மான்தலை, துப்பாக்கி என வேட்டைக் காட்சி விரியும். உளி பட்ட இலையில் நரம்பு ஆழமாக ஓடும், ஓரம் கூர்மையாக இருக்கும். இயந்திரத்தில் கடைந்த இலை வழவழவென்று தட்டையாக இருக்கும். விரலால் தடவினாலே தெரிந்துவிடும்.

நான்காவது, ஷாலே என்னும் மலைவீட்டுப் பாணி. சரிந்த கூரை, பால்கனி, நடனமாடும் ஜோடிகள், விறகு வெட்டுபவர், சுழலும் நீர்ச்சக்கரம். இசையும் பொம்மையும் தேடுபவர்கள் பெரும்பாலும் இதில்தான் வந்து நிற்பார்கள். அதனால் கொஞ்சம் நின்று பேசவேண்டும்.

பொம்மை ஆடுவது கருங்காட்டுக்குப் புதிதல்ல. கண்ணை உருட்டும் முகங்கள், வாய் திறந்து கொழுக்கட்டை போன்ற மாவுருண்டை விழுங்கும் ஆள், மாடு வெட்டும் கசாப்புக்காரர் என்று பழைய கடிகாரங்களில் எல்லாம் உண்டு. இசையும் அப்படியே: குழலூதும் கடிகாரங்களை அங்கே செய்தார்கள். 1832இல் ஃபோரென்பாக்கில் தொழில் தொடங்கிய மிஷாயெல் வெல்ட்டேயின் பட்டறை பெரிய தானியங்கி இசைக்கருவிகள் வரை வளர்ந்தது. ஆனால் இன்று கடையில் வாங்கும் ஷாலே கடிகாரம் வாசிக்கும் இரண்டு பாட்டுகள் பழையவை அல்ல. 'எடல்வைஸ்' 1959இல் அமெரிக்க இசைநாடகம் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்'குக்காக எழுதப்பட்டது. 'மகிழ்ச்சியான வழிப்போக்கன்' என்ற பாட்டை உலகெங்கும் கொண்டுபோனது 1950களில் ஓபர்ன்கிர்ஷன் குழந்தைகளின் பாடகர் குழு. இசைப்பெட்டியும் பெரும்பாலும் சுவிட்சர்லாந்தின் ரோய்கே கம்பெனி செய்தது. இதைச் சொல்வது குறை கூற அல்ல. 'பாரம்பரியம்' என்ற சொல்லுக்கு அதிக விலை கேட்டால், எது எந்த நூற்றாண்டு என்று தெரிந்து கொடுங்கள்.

வேலை இப்படி நடக்கிறது. சங்கிலி இரண்டு என்றால் நேரமும் கூவலும். மூன்று என்றால் இசையும் சேர்ந்தது. மணி ஆனதும் இரண்டு சின்னத் துருத்திகள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு குழல்களை ஊதுகின்றன, சுத்தியல் சுருள்கம்பியில் தட்டுகிறது. கடைசிக் கூவல் முடிந்து கதவு மூடிய பிறகே மூன்றாவது எடை விடுபட்டு, இசை உருளை சுழன்று, ஜோடிகள் ஆடத் தொடங்கும். இந்த வரிசை தடங்கலில்லாமல் ஓடுவதுதான் நல்ல கைவேலையின் அடையாளம். பொம்மைகளின் எண்ணிக்கை அடையாளமல்ல. இதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு: ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில், கல்கத்தாவின் குக் அண்ட் கெல்வி பெயர் கொண்ட கடிகாரத்தின் முன் மக்கள் மணிக்கு மணி கூடுகிறார்கள். தாடிக்காரர் வெளியே வந்து மணி அடிப்பதைப் பார்க்கத்தானே அத்தனை பேர் காத்திருக்கிறார்கள்?

தரத்துக்கு ஓர் எழுத்துப்பூர்வ அளவுகோல் இருக்கிறது. கருங்காட்டுக் கடிகாரச் சங்கம் தரும் சான்றிதழ், முழுக்க இயந்திரத்தால் ஓடி, முக்கியப் பாகங்கள் அங்கேயே செய்யப்பட்ட கடிகாரத்துக்கே உரியது. பேட்டரியில் ஓடி, பதிவு செய்த அருவிச் சத்தத்தோடு கூவுபவை இதற்குள் வரா. ஷோனாக்கின் ஆண்டன் ஷ்னைடர் (1848), ரோம்பாக் உண்ட் ஹாஸ் (1894) போன்ற பட்டறைகளின் பெயர்கள் விலைப்பட்டியலில் மதிப்பைக் கூட்டும். ஒருநாள் இயந்திரமா எட்டுநாள் இயந்திரமா என்பதும் கேட்கவேண்டியது: முன்னதில் தினமும் சங்கிலி இழுக்கவேண்டும், பின்னதில் வாரம் ஒருமுறை. எட்டுநாள் கடிகாரத்தின் எடைகள் கனமானவை. சுவரில் ஆணி உறுதியாக இருக்கவேண்டும்.

நம் கடற்கரையில் இதை வைத்திருப்பது தனிப் பாடு. உப்புக் காற்றில் சங்கிலி துருப்பிடிக்கும், துருத்தியின் தோல் இறுகும். 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல் வந்துபோன பின் என் கடிகாரத்தில் ஒரு துருத்தி ஒட்டிக்கொண்டது. பறவை 'கூ' என்று ஒற்றை ஒலி மட்டும் எழுப்பியது. தோலை மாற்றிய பிறகுதான் இரண்டாவது சுரம் திரும்பியது. தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ ஊற்றாதீர்கள், தூசியைச் சேர்த்துப் பற்சக்கரத்தை அறுத்துவிடும். மழைக்காலத்திலும் நிறுத்தி மூடிவைக்காமல் ஓடவிடுங்கள். ஓடும் கடிகாரம் தன் பழுதைத் தானே சொல்லும்.

கெர்விக் 1852இல் பழைய கடிகாரங்களைச் சேர்க்கத் தொடங்கினார்; அந்தச் சேகரிப்பே இன்று ஃபுர்ட்வாங்கனில் ஜெர்மன் கடிகார அருங்காட்சியகமாக நிற்கிறது. மாணவர்கள் பார்த்துக் கற்பதற்காகச் சேர்த்தார். நம்மவர்களும் அப்படிச் சேர்க்கவேண்டும். யாராவது குக்கூ கடிகாரம் விற்கிறேன் என்றால், படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். நண்பகல் பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் முன்னால் அங்கே போய் நில்லுங்கள். பன்னிரண்டு கூவலையும் எண்ணுங்கள், பாட்டு முழுவதையும் கேளுங்கள், ஜோடிகள் ஆடி நிற்பதைப் பாருங்கள். அதன் பிறகு விலை பேசுங்கள்.