மாலையிட்டோம், படித்தோமா?

சென்னைச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர், அம்மன்றத்தின் முதல் பெண் துணைத் தலைவர்! பாகூரிலும் வில்லியனூரிலும் பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரைப் பற்றி நாம் கேட்பது இந்த 'முதல்' பட்டியலைத்தான். பட்டியல் பொய்யன்று. ஆனால், மன்றத்தில் அமர்ந்தவர் அங்கே என்ன செய்தார் என்பதை அது சொல்வதில்லை.

அதைச் சொல்லும் நூலை அம்மையாரே எழுதியிருக்கிறார். 'சட்டமன்ற உறுப்பினராக எனது அனுபவம்' என்ற பொருள்பட ஆங்கிலத்தில் 1930இல் வெளிவந்தது அது. யாருக்காகப் போராடினாரோ, அவர்களுள் எத்தனை பேருக்கு அந்த மொழி தெரியும்?

1927 நவம்பரில், சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கச் சட்டம் வேண்டுமென்று மன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். சத்தியமூர்த்தி போன்றோர் எதிர்த்தனர். அந்தச் சொற்போரையே மேடைகளில் சுவைபடப் பேசுகிறோம். நம் கருத்தில் பெரிது 1929ஆம் ஆண்டுத் திருத்தம்.

நெல்விளையும் பாகூர் மண்ணில் பிறந்தோருக்கு இது எளிதில் விளங்கும். கோயில் ஊழியத்துக்காகத் தரப்பட்டது மானிய நிலம். ஊழியம் நின்றால் நிலமும் போகும். ஆகவே தாய்க்குப் பின் மகள் வேண்டும். மகளுக்கும் பொட்டு வேண்டும். பக்தி என்று பாடியதன் அடியில் கிடந்தது வயிற்றுப்பாடு! அத்திருத்தம் நிலத்தை ஊழியத்திலிருந்து அறுத்து, அனுபவித்து வந்தவர்க்கே உரிமையாக்க வழி செய்தது. வெறும் ஒழுக்க உபதேசம் செய்தவர்க்கு இந்த முடிச்சு புலப்பட்டிருக்காது.

குறையும் உண்டு, கூறத்தான் வேண்டும். தொடக்கத்தில் தேவதாசியர் தூய துறவியராக விளங்கினர், பின்னரே வழக்கம் கெட்டது என்ற வாதத்தை அம்மையார் கையாண்டார். கெட்டது பின்னாளா, அடிப்படையா? பகுத்தறிவாளர் கேட்காமல் இருக்கவியலாத கேள்வி இது. தேவதாசியருள் ஒரு சாரார் அரசுக்கு எதிர்ப்பு மனுக்களும் அனுப்பினர். அவர்களையெல்லாம் பழமைவாதிகளின் கைப்பாவைகள் என்று தள்ளிவிடுவது நமக்கு உடன்பாடன்று. சோற்றுக்கு வழி கேட்ட குரலும் அதில் இருந்தது.

அம்மையாரின் தாயார் சந்திரம்மாள் அக்குலத்தவர். அக்கொடுமையை நேரில் பட்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரோ சுயமரியாதை மேடையிலிருந்து பேசினார். 1936இல் 'தாசிகள் மோசவலை' என்ற நாவலைத் தமிழில் தந்தார். ஒருவர் மன்றத்தில், மற்றவர் மக்களிடத்தில். இருவரையும் சேர்த்துப் படிக்காத விழா அரை விழாவே.

காந்தியார் கைதானதைக் கண்டித்து 1930இல் முத்துலட்சுமி அம்மையார் பதவி துறந்தார். பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் நிறைவேறியது 1947இல்தான். அதுவும் சென்னை மாகாணத்துக்கு! பாகூரும் வில்லியனூரும் அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன; அச்சட்டம் எல்லைச் சாவடியோடு நின்றது. 1954 நவம்பர் வரை நம்மூர் அந்த எல்லைக்கு இப்பால்தான்.

அடுத்த பேச்சுப் போட்டியில் ஒரு மாணவியாவது அந்த 1929ஆம் ஆண்டுத் திருத்தத்தைப் பற்றிப் பேசட்டும். நேரம் போதாதெனில், 'முதல்'களில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம்.