சிறுதேரும் தச்சர் பிள்ளைகளும்

குழந்தையின் முதலாவது பிறந்தநாளுக்கு எந்த விளையாட்டுப் பொருளை வாங்குவது என்னும் கேள்வி இலக்கியத் திறனாய்வுக்கு உரியதா எனச் சிலர் வினவக்கூடும். அது கடைத்தெருவுக்கு உரிய கேள்வி, குடும்பத்தாரின் பணப்பையோடு முடிந்துபோகும் கேள்வி என்பது அவர்கள் கருத்து. ஆயின், நமது பழம்புலவர்கள் அவ்வாறு கருதினாரல்லர். தளர்நடைக் குழந்தையின் கையிலுள்ள பொருளை அவர்கள் கூர்ந்து நோக்கினர். அதனை யார் செய்தார், யார் வைத்து விளையாடினார், யார் ஏங்கி நின்றார் என்பனவற்றையும் தம்மையறியாமலே பதிவு செய்தனர். அப்பதிவுகளை இன்றைய வாழ்வோடு பொருத்திப் படிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் வீதியில் உள்ளது நுரைச்சோலை. ஒருபுறம் கடல், மறுபுறம் மணற்பாங்கான தோட்டங்கள். மீன்பிடியும் தென்னையும் வெங்காயமும் மிளகாயும் இப்பகுதி மக்களுக்குச் சோறிடுகின்றன. 2011ஆம் ஆண்டில் இங்கு இயங்கத் தொடங்கி, 2014இல் மூன்று இயந்திரங்களோடு நிறைவுபெற்ற அனல் மின்நிலையம் 900 மெகாவாற்று வலுவுடையது. இலங்கையின் மிகப் பெரிய அனல் மின்நிலையம் இதுவே. இத்தகைய ஊரின் வீதியோரக் கடைகளிலும் இன்று கண்ணாடித்தாள் சுற்றிய பிளாஸ்ரிக் பொம்மைகள் தொங்குகின்றன. பொத்தானை அமுக்கினால் பாடுகின்ற கரடியும், பற்றரியில் ஓடுகின்ற காரும் பிறந்தநாள் வீட்டுக்குரிய பண்டங்களாகிவிட்டன. ஏழை செல்வர் என்ற வேறுபாடின்றி எல்லோரும் இவற்றையே நாடுகின்றனர். இந்நாட்டத்தை எள்ளி நகையாடுவது எளிது. விளங்கிக்கொள்வதே திறனாய்வாளனின் கடமை.

முதலில் ஓராண்டு நிறைந்த குழந்தையின் இயல்பு யாது எனக் காண்போம். பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தம் குழந்தைப் பருவத்தைப் பத்தாக வகுத்துள்ளது. அவற்றுள் வருகைப் பருவம் ஓராண்டு நிறைவை ஒட்டியது. குழந்தையை நடந்து வருமாறு அழைப்பது அதன் பொருள். சிறுபறையும் சிற்றிலும் சிறுதேரும் ஆண்பாற் பிள்ளைத்தமிழில் அதற்குப் பின்னரே வருகின்றன. இவ்வொழுங்கு வெறும் மரபன்று. குழந்தையை அருகிருந்து பார்த்தவர்களின் அறிவு. ஓராண்டு முடிவில் குழந்தை செய்யும் மாபெரும் செயல் எழுந்து நிற்பதும் அடியெடுத்து வைப்பதுமேயாம். அச்செயலுக்குத் துணையாவதே அப்பருவத்துக்கேற்ற விளையாட்டுப் பொருள். ஆனால், பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் தெய்வங்களையும் அரசரையும் பெரியோரையுமே குழந்தைகளாக்கிப் பாடினர். உழுதவன் வீட்டுப் பிள்ளையையோ வலையிழுத்தவன் வீட்டுப் பிள்ளையையோ நோக்கி நடந்து வா என அழைக்க அவர்களுக்குத் தோன்றவில்லை. இது அப்பிரபந்தத்தின் எல்லை.

விளையாட்டின் இன்பம் எங்கே பிறக்கிறது என்பதற்குத் தெளிவான விடை குறுந்தொகையின் 61ஆம் பாட்டில் உள்ளது. தும்பிசேர் கீரன் பாடியது அது. தச்சன் செய்து கொடுத்த சிறு குதிரை பூட்டிய வண்டியில் பிள்ளைகள் ஏறிச் செல்ல முடியாது. எனினும் அதனைக் கையால் இழுத்து இன்புறுகின்றனர். தலைவனோடு கூடி மகிழாவிடினும் அவன் நட்பை வளர்த்து மகிழும் நிலைக்குத் தோழி இதனை உவமையாக்குகிறாள். உவமை காதலைப் பற்றியதாயினும், அதன் அடியில் கிடக்கும் உண்மை குழந்தையைப் பற்றியது. ஏறிச் செல்வதில் அன்று, இழுத்துச் செல்வதிலேயே இன்பம் உள்ளது. குழந்தையின் உழைப்பே குழந்தையின் விளையாட்டு.

இவ்வுண்மையை இன்றைய சந்தை தலைகீழாக்கிவிட்டது. பற்றரிக் கார் தானே ஓடுகிறது, குழந்தை பார்த்திருக்கிறது. கரடி தானே பாடுகிறது, குழந்தை கேட்டிருக்கிறது. விளையாடுவது பொம்மை, வேடிக்கை பார்ப்பது பிள்ளை. பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலன் பார்த் 1957இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுதியில் இதனையொத்த கருத்தொன்றைக் கூறினார். அக்கால விளையாட்டுப் பொருள்கள் குழந்தையைப் படைப்பவனாக அன்றி உடைமையாளனாகவும் பயன்படுத்துபவனாகவுமே ஆக்குகின்றன என்பது அவர் குற்றச்சாட்டு. மரத்தின் இடத்தைப் பிளாஸ்ரிக் பிடித்துக்கொண்டதையும் அவர் கண்டித்தார். நமது நடைவண்டியை இங்கு நினைத்துப் பார்க்கலாம். மூன்று சக்கரமுள்ள அம்மரவண்டியைக் குழந்தை தன் காலில் நின்று தள்ளுகிறது. அதற்குப் பதிலாக வந்துள்ள, நடுவே குழந்தையை அமர்த்திவைக்கும் சக்கர இருக்கையோ விபத்துக்களுக்குக் காரணமாயிற்று. கனடா அதன் விற்பனையை 2004ஆம் ஆண்டில் முற்றாகத் தடைசெய்தது. ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட உவமை இன்றும் பழுதுபடவில்லை.

ஆயின், விளையாடும் குழந்தையோடு கேள்வி முடிந்துவிடுவதில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை நம்மை அடுத்த படிக்கு அழைத்துச் செல்கிறது. மருத நிலத்து வளமான ஊரொன்றை வருணிக்கும் புலவர், உழவரின் அழகிய இல்லங்களைக் காட்டுகிறார். அங்குள்ள புதல்வர் ஏறிச் செலுத்தப்படாத நல்ல சிறுதேரை உருட்டுகின்றனர். தளர்நடையால் வந்த களைப்புத் தீரச் செவிலியரைத் தழுவிப் பால் அருந்திப் படுக்கையில் உறங்குகின்றனர். நெடும்பசி அறியாத ஊர் அது என்கிறார் புலவர். இன்பமான காட்சிதான். ஆயினும் அத்தேரைப் பற்றி அவர் சொல்லும் ஒரு குறிப்பு நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. தச்சர் வீட்டுச் சிறுவரும் விரும்பும்படி அது புனையப்பட்டதாம்.

‘நச்ச’ என்னும் சொல்லைப் புலவர் தேரின் அழகைப் புகழ்வதற்காகவே ஆண்டார் என்பதில் ஐயமில்லை. தேர் செய்வதைத் தினமும் காணும் பிள்ளைகளே விரும்புவர் எனின், அதன் வேலைப்பாடு எத்துணைச் சிறந்தது என்பதே அவர் கருத்து. ஆனால், ஒரு கவிஞன் கருதியதைவிட அவன் கண்டது பெரிதாக இருத்தல் கூடும். தேரைச் செய்தவன் தச்சன். தேரை உருட்டுபவன் நிலமுடையோன் மகன். தச்சன் மகனுக்கு எஞ்சியது விருப்பம் ஒன்றே. உழைப்பின் பயன் உழைத்தவன் வீட்டுக்குத் திரும்பாமையை ஒரே சொல்லில் இப்பாட்டு சுமந்து நிற்கிறது. பசியறியாத ஊரிலும் ஏக்கம் அறிந்த பிள்ளைகள் இருந்தனர். இச்சொல்லை அணிநலமாக மட்டும் சுவைத்துவிட்டு நகர்ந்துவிடுதல் பாட்டைப் பாதியே படிப்பதாகும்.

அக்காட்சியில் இன்னொரு பிள்ளையும் மறைந்திருக்கிறது; அது செவிலியின் பிள்ளை. பிறர் மகனுக்குப் பாலூட்டும் அவளுக்குத் தன் மகவு ஒன்று இருந்திருக்கும் அன்றோ? அது எங்கே உறங்கியது என்பது பாட்டில் இல்லை. புத்தளக் கரையில் வாழ்வோருக்கு இவ்வினா ஏட்டுச் சுரைக்காயன்று. வளைகுடா நாடுகளின் வீடுகளில் பிறர் குழந்தைகளைச் சீராட்டப் போன தாய்மார் இம்மாவட்டத்தில் உளர். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வீட்டுப் பணிக்காக வெளிநாடு செல்லக்கூடாது என 2013ஆம் ஆண்டில் அரசு விதியொன்றைக் கொணர்ந்தது; பொருளாதாரம் சரிந்த 2022இல் அதனைத் தளர்த்தியது. தாயின் பொறுப்பை நினைவூட்ட விதி இருந்தது. ஊரிலேயே அவளுக்கு வேலை தேடிக்கொடுக்க விதி இருக்கவில்லை. அத்தகைய தாய் அனுப்பும் பெட்டியிலிருந்து வரும் பாடுகின்ற பொம்மையை நாம் எவ்வாறு பழிக்க முடியும்? அது அவள் குரலுக்கு மாற்றாக வருகிறது. விலையுயர்ந்த பொம்மையை அவள் வாங்குவது பகட்டினால் அன்று; கையால் கொடுக்க முடியாததைக் காசால் கொடுக்க முயல்கிறாள்.

தச்சனின் இடத்தில் இன்று யார் இருக்கிறார் என்பதையும் கேட்டல் வேண்டும். நம் கடைகளில் தொங்கும் பொம்மைகளிற் பல ஆசியத் தொழிற்சாலைகளில் உருவானவை. 1993 மே 10ஆம் நாள் தாய்லாந்தின் நக்கோன் பாத்தோம் மாகாணத்திலிருந்த கேடர் பொம்மைத் தொழிற்சாலையில் தீப்பற்றியது. 188 தொழிலாளர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் இளம் பெண்கள். மேனாட்டுப் பிள்ளைகளுக்கான பொம்மைகளைச் செய்த கைகள் அவை. 2007ஆம் ஆண்டில் ஈயம் கலந்த வண்ணம் பூசப்பட்டமையால் இலட்சக்கணக்கான பொம்மைகள் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. வாங்கிய குழந்தைக்கு ஈயத்தால் வரக்கூடிய தீங்கைப் பற்றி அப்போது உலகம் பேசியது. அதே வண்ணத்தை நாள்முழுதும் பூசிய தொழிலாளியைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. பெரும்பாணாற்றுப்படையின் புலவராவது தச்சன் மகனைக் கண்டார்; நவீன விளம்பரம் அவனையும் காண்பதில்லை.

இனி, பொம்மையிற் புகும் செல்வப் பெருமிதத்தைப் பார்ப்போம். அதே உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையிலும் சிறுதேரைப் பாடியுள்ளார். காவிரிப்பூம்பட்டினத்துப் பாக்கங்களில் பெண்கள் முற்றத்தில் காயும் உணவைக் கவர வரும் கோழியைத் தம் பொற்குழையைக் கழற்றி எறிந்து விரட்டுகின்றனர். வீழ்ந்த குழை, குதிரையின்றிச் சிறுவர் உருட்டும் மூன்று சக்கரத் தேரின் வழியை மறிக்கிறது. அதனையன்றி வேறு பகை அவ்வூர் அறியாதாம். வணிகச் செழிப்பின் புகழ்ச்சி இது. எனினும் பாட்டில் நிகழ்வது யாது? குழந்தையின் ஓட்டத்தைப் பொன் தடுக்கிறது. முதலாம் பிறந்தநாளுக்கு மண்டபமும் அலங்காரமும் ஊரை அழைத்த விருந்தும் வேண்டுமென்று கைச்சங்கிலியை அடகுவைக்கும் குடும்பங்களை நோக்குமிடத்து, இவ்வரிகள் புகழ்ச்சியாக அன்றி எச்சரிக்கையாகவே ஒலிக்கின்றன.

வடமொழியில் சூத்திரகன் இயற்றி, பண்டிதமணி கதிரேசச் செட்டியாரால் ‘மண்ணியல் சிறுதேர்’ எனத் தமிழாக்கப்பட்ட நாடகம் இதனை இன்னும் வெளிப்படையாகக் கூறுகிறது. வறுமையுற்ற சாருதத்தனின் மகன் அயல்வீட்டுப் பிள்ளையின் பொற்றேரோடு விளையாடிப் பழகியவன். அது திரும்பப் பெறப்பட்டதும், பணிப்பெண் செய்து தந்த மண்தேரை ஏற்காது அழுகிறான். வசந்தசேனை மனமிளகித் தன் அணிகலன்களை அம்மண்தேரில் நிரப்புகிறாள். பின்னர் அவ்வணிகளே நீதிமன்றத்தில் வீழ்ந்து, கொலைக்குற்றம் சுமத்தப்பட்ட சாருதத்தனுக்கு எதிரான சான்றாகின்றன. குழந்தை மண்ணை வெறுத்துப் பிறக்கவில்லை. அயலில் பொன்னைக் கண்ட பின்பே மண் இழிவாயிற்று. இரக்கமுள்ளோர் செல்வத்தைக் கொட்டி அவ்வழுகையை நிறுத்தலாம். அழுகையின் காரணம் அங்ஙனமே இருக்கும்.

இவ்விடத்தில் ஒரு தவறான முடிவுக்கு நாம் வந்துவிடலாகாது. குரும்பட்டியும் ஈர்க்கும் கொண்டு தேர் செய்வதும், விழுந்த தென்னோலை மட்டையில் ஒருவர் இருக்க மற்றவர் இழுப்பதும் கரையோரப் பிள்ளைகள் நன்கறிந்த விளையாட்டுக்கள். இவற்றின் படைப்பாற்றலைப் போற்றுவோர், ஏழைப் பிள்ளைக்கு இதுவே போதும் எனக் கூறத் தொடங்குவரேல் அது ஏமாற்றாகும். வறுமையை அழகாகக் காட்டுவது வறுமையை நிலைநிறுத்துவதற்கே உதவும். மேலும், கையிற் கிடைப்பதை வாயிலிடும் ஓராண்டுக் குழந்தைக்குக் குரும்பட்டியும் ஈர்க்கும் ஏற்றவையல்ல. விளையாடுதல் குழந்தையின் உரிமை என 1989இல் ஏற்கப்பட்ட ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சாசனத்தின் 31ஆம் உறுப்புரை கூறுகிறது. இலங்கை அதனை 1991இல் ஏற்றுக்கொண்டது. நல்ல, பாதுகாப்பான விளையாட்டுப் பொருள் உரிமையே, பிச்சையுமன்று, பகட்டுமன்று.

அவ்வாறாயின் எதனைத் தெரிவு செய்வது? பழம்பாடல்கள் மூன்று அளவுகோல்களைத் தருகின்றன. பிள்ளையைச் செய்யவைக்கும் பொருளா, பார்க்கவைக்கும் பொருளா என்பது குறுந்தொகையின் கேள்வி. உருட்டும் பந்து, அடுக்கும் மரக்கட்டை, தள்ளும் வண்டி, துணிப்பொம்மை ஆகியவை இதில் தேறும். வாயினுள் புகக்கூடிய சிறு துண்டுகளும், விழுங்கினால் உயிருக்கே ஊறு செய்யும் பொத்தான் பற்றரியும் உள்ளவை எவ்வளவு அழகாயினும் தேறா. தொலைபேசித் திரையும் தேறாது. ஓராண்டுக் குழந்தைக்குத் திரை முன் அமர்தல் வேண்டாம் என 2019இல் உலக சுகாதார நிறுவனமும் கூறியுள்ளது. செய்தவன் பிள்ளைக்கும் அது கிட்டுமா என்பது பெரும்பாணாற்றுப்படையின் கேள்வி. அயலான் பிள்ளையை அது அழவைக்குமா என்பது மண்ணியல் சிறுதேரின் கேள்வி.

பின்னைய இரண்டையும் தனிக் குடும்பம் ஒன்று தானே தீர்த்துவிட இயலாது. எனினும் தொடங்க இயலும். ஊர்த் தச்சர் செய்யும் நடைவண்டி ஒரு பிள்ளை வளர்ந்ததும் மறுபிள்ளைக்குப் போகலாம். நூலகத்தில் நூல் இரவல் பெறுவதுபோல முன்பள்ளிகளில் விளையாட்டுப் பொருள்களைப் பொதுவில் வைத்து வழங்கலாம். மீனவர் சங்கமும் பள்ளிவாசலும் தேவாலயமும் சனசமூக நிலையமும் மனம்வைத்தால் ஆகாத காரியமன்று.

நாட்டுக்கு வெளிச்சம் தரும் நுரைச்சோலைக்குத் தச்சர் பிள்ளைகளின் ஏக்கத்தைப் பிறர் எடுத்துக்கூற வேண்டியதில்லை. மின்நிலையத்துக்காக நிலம் விட்டுப் பெயர்ந்தோரும், கரி வந்திறங்கும் கடலில் வலைவீசுவோரும் இங்குளர். 2022 மார்ச் இறுதியில் நாடு நாளொன்றுக்குப் 13 மணி நேரம் இருளில் கிடந்ததையும் இவ்வூர் மறக்கவில்லை. செய்தவன் ஒருவன், துய்ப்பவன் வேறொருவன் என்னும் முறைமையின் மிகச் சிறிய உருவமே ஒரு சிறுதேர். அதனை உருட்டும் பிள்ளை களங்கமற்றது. அதனைச் செய்தவன் பிள்ளையும் உருட்டும் நாளை உண்டாக்குவது பெரியோர் கடன். அந்நாளில் ‘நச்ச’ என்னும் சொல்லுக்கு அழகு என்ற பொருள் மட்டுமே எஞ்சும்.