விதைக்கு விட்ட காய்

கறிக்கு முற்றல் என்று ஒதுக்குகிற பீர்க்கங்காய், விதைக்கு இன்னும் பச்சைப் பிள்ளைதான். பறிக்காமல் கொடியிலேயே விட்டுப் பாருங்கள், பார்க்கத் தகுந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான் நடக்கிறது. அடுப்படிக்கு அது தெரியாது. பிஞ்சோடு அதன் சிநேகம் முடிந்துவிடும். ஆடியில் விதை போட்ட வீட்டுத் தோட்டத்தில், கார் முடிந்து கூதிர் தொடங்கும் புரட்டாசியும் ஐப்பசியும்தான் இந்தக் காட்சிக்கு வாய்த்த மாதங்கள்.

பீர்க்கையின் பத்து வரம்பும் வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வரும். தோல் மொடமொடக்கும், கனம் இறங்கிவிடும், ஆட்டினால் உள்ளே கலகலக்கும். பூ இருந்த நுனியைக் கூர்ந்து பார்த்தால் வட்டமாக ஒரு கோடு ஓடியிருக்கும். அதுதான் மூடி. காய் நன்றாக நெற்றானதும் மூடி தானே கழன்று விழ, நார்க்கூட்டுக்குள் இருக்கும் மூன்று குழல்களிலிருந்தும் கறுப்பு விதைகள் அந்த வாய்வழியே இறங்கும். எல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிடுவதில்லை. காற்று அசைக்க அசைக்க இரண்டு, மூன்று என்று உதிர்கின்றன. இத்தனை நிதானமாக அளந்து கொடுக்கிற காயைத்தான் நாம் பிஞ்சிலேயே துவையல் அரைத்துவிடுகிறோம்.

பாகலுக்கு இந்த நிதானமெல்லாம் கிடையாது. பச்சை மஞ்சளாகி, மஞ்சள் ஆரஞ்சாகி, ஒருநாள் போய்ப் பார்த்தால் நுனியிலிருந்து மூன்றாகப் பிளந்து பின்பக்கம் சுருண்டு கிடக்கும். நடுவே குங்குமச் சிவப்பில் சதை போர்த்திய விதைகள். கசப்பென்று பிள்ளைகள் தட்டிலிருந்து தள்ளிவிடும் காயில் இந்தச் சதை மட்டும் தித்திக்கும். பறவைகளுக்கு அது தெரியும். நாம் முந்திக்கொள்ள வேண்டும். சதையைக் கழுவி எடுத்தால் ஓரமெல்லாம் சித்திர வேலை செய்த விதை.

வெண்டையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வரம்பு வெடித்து, சாம்பல் பச்சையில் உருண்டை விதைகளை வரிசையாகக் காட்டும், அவ்வளவே. கத்தரி பழுத்து மஞ்சளானால் லட்சணம் போய்விடும், உண்மைதான். ஆனால் அதைப் பிசைந்து தண்ணீரில் கரைத்தால் சதையும் சாவியும் மிதக்க, நல்ல விதை அடியில் தங்குவதைப் பார்க்க வேண்டும். தக்காளி விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு, பழத்துக்குள்ளேயே விதை முளைத்துவிடாமல் தடுத்து வைப்பது. இரண்டு மூன்று நாள் புளிக்க விட்டால்தான் அது விதையை விட்டு அகலும். நாற்றம் தாங்காதவர்கள் பாத்திரத்தைத் தோட்டத்துக் கோடியில் வைத்துக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் குறுக்கே வருவது மழை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ 48 சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. நெற்று நனைந்தால் பூசணம் பூக்கும். சில நேரம் உள்ளேயே முளையும் கட்டிவிடும். புரட்டாசி பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்களே, விதை எடுப்பவருக்கு அந்தப் பொன்னுருகும் பாதிதான் வேண்டும். மேகம் கறுத்தால், முக்கால் காய்ந்த வெண்டை நெற்றுகளைக் காம்போடு அறுத்து வீட்டுக்குள் கொண்டுவந்து கட்டித் தொங்கவிடுவது உத்தமம். அதே மழையை நம்பித்தான் கத்தரி நாற்றும் மிளகாய் நாற்றும் சாயங்காலமாக மேட்டுப் பாத்திக்குப் போகின்றன. நட்டவருக்கு ஒரு தூறல் வேண்டும், அறுத்தவருக்கு இன்னும் இரண்டு நாள் வெயில் வேண்டும், இரண்டு பேரும் ஒரே ஆள்!

இந்தச் சந்தடியில் சேராதது அவரை. நாட்டுக் கொடியவரையை ஆடியில் ஊன்றினால், பந்தலை இலையால் மூடிவிட்டுச் சும்மா இருக்கும். எருவுக்கும் மசியாது, தண்ணீருக்கும் மசியாது. அது காத்திருப்பது பகல் குறுகுவதற்கு. மதுரையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் 70 நிமிடம் அளவுதான். நமக்கு உறைக்காத அந்தச் சுருக்கத்தை அவரை இலை கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறது. ஐப்பசி வாக்கில் ஊதாப் பூங்கொத்துகள் இலைக்கு மேல் நிமிர்ந்தால், மார்கழியில் காய், தைப் பொங்கலுக்குக் குழம்பு. விதைக்கு விட்டது மழையெல்லாம் ஓய்ந்தபின் மாசி வெயிலில் சாவகாசமாகக் காய்கிறது. நெற்றை உடைத்துக் கையில் கொட்டினால் கரும்பழுப்பு விதை, அதன் ஒரு விளிம்பில் வெள்ளையாக ஒரு வரை. நகத்தால் தடவினால் மேடு தட்டும். காயோடு விதை ஒட்டியிருந்த இடம் அது. தோட்டத்து விதைகளில் எது அழகென்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்வேன்.

எடுத்த விதையை நிழலில் உலர்த்தி, அடுப்புச் சாம்பலில் புரட்டி, ஒரு துண்டு வசம்போடு மூடிவைப்பது பழைய பழக்கம். சாம்பல் ஈரத்தை வாங்கிக்கொள்ளும், வண்டையும் அண்டவிடாது. விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்று கலிபோர்னியாவின் ஜேம்ஸ் ஹாரிங்டன் வகுத்த விதியை, விதை வங்கிக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். சாம்பல் பானைக்காரர்கள் அதற்கு முன்பே காரியத்தில் இறங்கிவிட்டார்கள்.

எந்தக் காயை விதைக்கு விடுவது என்பதில்தான் வீட்டில் வழக்கு. கொடி ஓய்கிற நேரத்தில் சூம்பித் தொங்கும் கடைசிக் காயை விட்டால் போதாதா என்பார் சமைப்பவர். போதாது. நடுக்கொடியில், வளையாமல் திரண்டு, இதைவிட நல்ல கறிக்காய் கிடைக்காது என்று யாருக்கும் தோன்றுகிற காய் எதுவோ, அதுவே விதைக்கு உரியது. கண்ணில் பட்டவுடன் அதன் காம்பில் ஒரு துணிக்கிழிசலைக் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் மறுநாளே கூட்டாகிவிடும்.