செதிலும் நட்பும்: ‘வானவில் மீன்’ படநூல் குறித்த ஒரு மறுவாசிப்பு

சுவிட்சர்லாந்து ஓவியரும் எழுத்தாளருமான மார்க்குஸ் ஃபிஸ்டர் 1992இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட ‘வானவில் மீன்’, இளஞ்சிறாருக்குப் பகிர்தலையும் நட்பையும் கற்பிக்கும் படநூலாகப் பல மொழிகளில் வழங்கி வருகிறது. மின்னும் செதில்கள் கொண்ட அழகிய மீனிடம் சிறிய நீலமீன் ஒன்று ஒரு செதில் கேட்கிறது. அழகிய மீன் கடிந்து மறுக்கவே, ஏனைய மீன்கள் அதனை விட்டு விலகுகின்றன. பின்னர் ஆக்டோபஸின் அறிவுரைப்படி செதில்களை ஒவ்வொன்றாகக் கொடுத்து, ஒற்றைச் செதிலோடு எஞ்சிய நிலையில் அது விளையாட்டில் சேர்த்துக்கொள்ளப்படுகிறது.

செதில் மீனின் உடைமை அன்று, உடலின் பகுதி. தின்பண்டத்தைப் பங்கிடுவதும் உடலிலிருந்து பெயர்த்துத் தருவதும் ஒன்றாகா. மீன் மறுத்த முறை தவறு என்பதில் ஐயமில்லை. ஆனால் மறுக்கும் உரிமையே அதற்கு இல்லை என்பதாகக் கதை நகர்கிறது. கேட்டது முறையா என நீலமீனை எவரும் வினவுவதில்லை. திருக்குறள் ஈகையை அறத்துப்பாலிலும் நட்பைப் பொருட்பாலிலும் வைத்துப் பேசுவது ஈண்டு நினைக்கத்தக்கது. ஃபிஸ்டரின் கதையிலோ ஈகை நட்புக்கான நுழைவுக்கட்டணமாகிறது.

எனினும் படநூலை உரையைக் கொண்டு மட்டும் மதிப்பிடுதல் பொருந்தாது. இந்நூலின் பெரும் ஈர்ப்பு, நீர்வண்ணப் பக்கங்களில் பதிக்கப்பட்டுள்ள ஒளிர்தாள் செதில்களே. எழுத்தறியாக் குழந்தையும் பக்கத்தைச் சாய்த்து அவற்றின் மினுமினுப்பைக் காணும், விரலால் தடவும். நீலமீன் எதனை விரும்பியதோ அதனையே குழந்தையும் விரும்புமாறு நூல் அமைந்துள்ளது. உரை அழகைத் துறக்கச் சொல்ல, அச்சுமுறை அவ்வழகின்மேல் ஆசையை வளர்க்கிறது. இந்நூலை ஒட்டி மழலையர் வகுப்புகளில் தரப்படும் கைவேலையிலும் குழந்தைகள் மீனுக்குச் செதில் ஒட்டுகின்றனரே அன்றிப் பெயர்த்துக் கொடுப்பதில்லை. இறுதியில் செதில் பெற்ற மீன்கள் அனைத்தும் மின்னுகின்றன. நட்பு ஒரே அடையாளத்தை அணிவதாகக் காட்சிப்படுத்தப்படுகிறது.

இவ்வாசிப்பு மிகையெனத் தோன்றலாம். ஆயின் இதற்கான சான்று 1995இல் வெளிவந்த தொடர்நூலிலேயே உள்ளது. அதில் மின்னும் செதில் இல்லாத வரிமீன் ஒன்று விளையாட வருகிறது. செதில் இல்லை என்னும் ஒரே காரணத்தால் விலக்கப்படுகிறது. முன்பு தனிமையை அறிந்த வானவில் மீனும் அதற்காகப் பேசத் துணிவதில்லை. சுறாவின் வருகையும் அதனை அடுத்த மீட்புமே வரிமீனைக் கூட்டத்தில் சேர்க்கின்றன. முதல் நூலின் பகிர்தல் ஒரு குழுவை உருவாக்கிற்று. அக்குழுவே பிறிதொரு மீனைப் புறத்தே நிறுத்திற்று. முதல் நூலுக்கான கூர்மையான திறனாய்வை அதன் ஆசிரியரே எழுதிவிட்டார் எனலாம்.

அமெரிக்கரான ஆர்னால்ட் லோபல் 1979இல் வெளியிட்ட தவளை–தேரை கதைத்தொகுப்பின் இறுதிக் கதையிலும் ஒரு மறுப்பு உண்டு. தனித்திருக்க விரும்புவதாகக் குறிப்பு எழுதிவைத்துவிட்டுத் தவளை வெளியே செல்கிறது. நட்பு முறிந்ததோ என அஞ்சும் தேரை, உணவு கட்டிக்கொண்டு ஆமையின் முதுகில் தீவுக்குப் புறப்பட்டு நீரில் விழுகிறது. தவளைக்கு வருத்தம் எதுவுமில்லை. தனக்கொரு நண்பன் வாய்த்த மகிழ்ச்சியைத் தனியே எண்ணிப் பார்க்கவே அது அங்குச் சென்றிருந்தது. பச்சையும் பழுப்புமான அடங்கிய வண்ணங்களில் மின்னுவது எதுவுமில்லை. தேரை அன்போடு கொண்டுவந்த பானம் ஆற்றோடு போயிற்று. நனைந்த ரொட்டித் துண்டுகளை இரண்டும் சேர்ந்து உண்கின்றன.